கார்புரேட்டர் மாருதி 800-ஐ ஓட்டத்தில் வைத்திருக்க: மெக்கானிக், ஸ்பேர், செட்டிங் – முழுமையான வழிகாட்டி

1983 டிசம்பரில் வந்த முதல் மாடல் எஸ்.எஸ்.80-இல் தொடங்கி, 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் வழி பெட்ரோல் பீய்ச்சும் முறை) வரும்வரை விற்ற மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள்தான். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எஃப்8பி இன்ஜின். லேசான வண்டி, எளிய இன்ஜின், கை எட்டாத இடமே இல்லாத பானட். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் ஓடும்.

இப்படிப்பட்ட வண்டிகள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்வதற்கு இரண்டு காரணங்கள்தான். ஒன்று, கார்புரேட்டர் பழகிய கைகள் குறைந்துவிட்டன. ஸ்கேனர் மாட்டிப் பழகிய பட்டறையில் இந்த வண்டியை விட்டால், எங்கே தொடங்குவது என்று பையன்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு, ரப்பர். ஹோஸ், டயாப்ரம், சீல் எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காய்ந்துபோகும்.

மெக்கானிக் தேடும்போதும் நீங்களே வேலை பார்க்கும்போதும் ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: கார்புரேட்டரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். ஸ்லோ (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) நிற்கவில்லை, பிக்கப் இல்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது, மைலேஜ் விழுந்துவிட்டது என எல்லாப் பழியும் கார்புரேட்டர் மேல்தான் விழும். பெரும்பாலும் கோளாறு டாப்பெட்டிலோ (வால்வு இடைவெளி), பாயிண்ட்டிலோ (ஸ்பார்க்கைத் தூண்டும் தொடர்பு முனை), ஒரு வெடித்த வேக்யூம் ஹோஸிலோ இருக்கும். அதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றித் திருகினால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்பேர் கடைக்கோ மெக்கானிக்கிடமோ போகும் முன் பானட்டைத் திறந்து சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். தயாரித்த வருடமும் மாதமும் (ஆர்.சி.யில் இருக்கும்). சேஸிஸ் எண், இன்ஜின் எண். கார்புரேட்டர் உடலில் வார்த்திருக்கும் எழுத்தும் எண்ணும். டிஸ்ட்ரிப்யூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துவிடும் பாகம்) பிளாட்டினம் பாயிண்ட் வகையா, எலக்ட்ரானிக் வகையா. கியர் நாலா, ஐந்தா. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைப்பது நல்லது. கார்புரேட்டரை நாலு பக்கமும் எடுங்கள்; எந்த ஹோஸ் எந்த முனையில் போகிறது என்பது பிறகு அதில்தான் தெரியும்.

எம்.பி.எஃப்.ஐ. 800-இன் ஸ்பேரும் கார்புரேட்டர் 800-இன் ஸ்பேரும் கடையில் ஒரே ரேக்கில் கிடக்கும். பிரேக், சஸ்பென்ஷன், கண்ணாடி, லாக் போன்றவற்றில் பல பொருந்தும். பெட்ரோல் பம்ப், மேனிஃபோல்ட், டிஸ்ட்ரிப்யூட்டர், டேங்க் பக்கம் பொருந்தாது. அதே காலத்து கார்புரேட்டர் ஆம்னியிலும் இதே எஃப்8பி இன்ஜின்தான் என்பதால், இன்ஜின் சாமான் கிடைக்காதபோது 'ஆம்னிக்கு இருக்கா' என்று கேட்கலாம்.

மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது

எல்லா வேலையும் தெரிந்த ஒரே ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். நான்கைந்து பேர் வேண்டும்: இன்ஜினும் கார்புரேட்டரும் பார்க்க ஒருவர், டிஸ்ட்ரிப்யூட்டர், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் பார்க்க ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஹெட் ஃபேஸிங், போர், புஷ் வேலைக்கு ஒரு லேத் பட்டறை, ரேடியேட்டர் கடை, பாடிக்கு ஒரு டிங்கர். முதல் ஆள் சரியாக அமைந்தால் மற்றவர்களை அவரே காட்டிக்கொடுப்பார்.

அந்த முதல் ஆளுக்கு நல்ல வழி ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டர். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போய், ஒரு ஃபில்டரோ ஹோஸ் கிளிப்போ வாங்கிக்கொண்டு, "அண்ணே, கார்புரேட்டர் எண்ணூறுக்கு ரிப்பேர் கிட், சி.பி. பாயிண்ட்டெல்லாம் இப்பவும் யார் வாங்கிட்டுப் போறாங்க?" என்று கேளுங்கள். 'நல்ல மெக்கானிக் யாரு' என்று கேட்டால் கடைக்காரர் தனக்குத் தெரிந்தவர் பெயரைச் சொல்வார். கிட் வாங்குபவர் யார் என்று கேட்டால், உண்மையில் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் பெயர் வரும். மூன்று கடையில் கேட்டு இரண்டு கடையில் ஒரே பெயர் வந்தால் அங்கே போகலாம்.

பழைய 800, ஆம்னி வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூல்களில் கேட்கலாம். அந்த வண்டி நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் நிற்கும், அதனால் தேறாத மெக்கானிக்கிடம் போக மாட்டார்கள். பொல்யூஷன் டெஸ்ட் எடுக்கும் இடத்திலும் கேளுங்கள். பழைய வண்டியை யார் செட் செய்து அனுப்பினால் ஒரே தடவையில் தேறுகிறது என்று மீட்டர் பிடிப்பவருக்குத் தெரியும்.

ஆளைப் பார்த்தவுடன் வண்டியை விட்டுவிட வேண்டாம். "ஸ்லோல நிக்க மாட்டேங்குது, கார்புரேட்டர் கழட்டணுமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "கொண்டாங்க, மொதல்ல டாப்பெட்டு, பாயிண்ட்டு பாத்துரலாம்" என்று பதில் வந்தால் ஆள் சரி. "கழட்டி கிளீன் பண்ணாத்தான் தெரியும்" என்று உடனே சொன்னால் வேறு இடம் பாருங்கள். பட்டறையில் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடுகள்) டைமிங் லைட்டும் (ஸ்பார்க் விழும் நேரம் பார்க்கும் விளக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். காதால் கேட்டே டைமிங் வைக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் வைப்பது பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஆனால் டாப்பெட்டுக்குக் காது போதாது, ஃபீலர் கேஜ் வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்:

- ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு திருகு) துளையில் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்துவது. துளை பித்தளை; ஒரு தடவை கீறினாலே அளவு மாறும்.
- கார்புரேட்டர் பேக்கிங்கில் அனாபாண்ட் பசை தடவுவது. பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கும்.
- ஏர் ஃபில்டரைக் கழற்றிவைத்தபடியே ஸ்லோ செட் செய்து வண்டியைக் கொடுப்பது.
- சூடு ஏறுகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது. இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடி, பெட்ரோல் குடித்து, போர் தேயும்.

முதல் வேலையாக டாப்பெட், பிளக், பாயிண்ட், டைமிங் மட்டும் கொடுங்கள். அரை நாள் வேலை. வண்டியை முதல் நாள் இரவே பட்டறையில் நிறுத்திவிடுவது உத்தமம். டாப்பெட்டை ஆறிய இன்ஜினில் வைத்தால்தான் அளவு நிலையாக வரும். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். சந்தேகப்படுவதற்காக இல்லை, பழைய பாயிண்ட் எப்படிக் கருகியிருக்கிறது என்று பார்த்தாலே அடுத்த கோளாறு எது என்று தெரிந்துவிடும்.

ஸ்பேர்: எங்கே, எதை, எப்படி

கார்புரேட்டர் வண்டிக்குச் சாமான் தேடுவதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாருதிக்கான கார்புரேட்டரை ஜப்பானின் மிக்குனி கூட்டோடு செய்தது சென்னையைச் சேர்ந்த யூகால். டிஸ்ட்ரிப்யூட்டர், செல்ஃப் மோட்டார் வகைக்குச் சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் சாமானுக்கு அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா, பிஸ்டன், ரிங்குக்குச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அந்தக் காலத்து ஸ்டாக் இங்கே பழைய கடைகளின் மேல் தட்டுகளில் இன்னும் கிடக்கிறது. கடை எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

சென்னையில் புது ஸ்பேருக்கு அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எல்லோரும் ஜி.பி. ரோடு என்பார்கள். கழற்றிய சாமானுக்கு எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. கோவையில் டாக்டர் நஞ்சப்பா ரோடு. இங்கே கிடைக்காதது பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் டெல்லி காஷ்மீரி கேட்டிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கே உள்ள கடைகள் பார்சல் அனுப்புவது வழக்கம்தான். பணம் அனுப்பும் முன் சாமானின் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் கேளுங்கள்.

எந்தக் கடையானாலும் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். "எண்ணூறு பெட்ரோல் பம்ப்" என்று வாயால் கேட்டால் கைக்கு வருவது ஒன்று, வண்டிக்கு வேண்டியது வேறொன்றாக இருக்கும். போல்ட் துளை இடைவெளி, நெம்புகோலின் நீளம், ஹோஸ் முனையின் திசை மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகுதான் கவரைக் கிழிக்க வேண்டும்.

கழற்றிய சாமானில் வாங்கத் தகுந்தவை கார்புரேட்டர் உடல், டிஸ்ட்ரிப்யூட்டர் உடல், மேனிஃபோல்ட், கியர் பாக்ஸ், கதவு, கண்ணாடி, பிராக்கெட்டுகள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழையதாக வாங்கக் கூடாதவை பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், டைமிங் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாப்ரம், கிளட்ச் பிளேட், ஹெட் கேஸ்கெட். முழு இன்ஜின் வாங்குவதாக இருந்தால் பில்லும் பழைய வண்டியின் பேப்பரும் இல்லாமல் தொடவே வேண்டாம். இன்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பேப்பர் இல்லாத இன்ஜின் பிறகு போலீஸ் தலைவலி.

புதுப்பேட்டையில் ஒரு கார்புரேட்டரைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியது இதுதான். த்ராட்டில் ஷாஃப்ட்டின் (ஆக்சிலரேட்டர் மிதித்தால் சுழலும் தண்டு) முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுழல வேண்டும், ஆடக் கூடாது. ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் அந்த இடைவெளியில் காற்று நுழையும். அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிக்கட்ட முடியாது. அடுத்து மேல் மூடியைக் கழற்றச் சொல்லி, உடலின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதிகமாக முறுக்கி வளைந்த உடல். பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் தண்ணீர் தேங்கி உலோகம் அரித்திருக்கிறது. சுத்தம் செய்தாலும் உள் துளைகள் தேறுவது கடினம். ஸ்லோ கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றி நுனியைப் பாருங்கள். யாராவது பலமாக இறுக்கியிருந்தால் கூம்பைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம் விழுந்திருக்கும். ஸ்க்ரூவைப் புதிதாகப் போடலாம், ஆனால் அது உட்காரும் துளையும் விரிந்திருக்கும்.

வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய கையிருப்பு: கார்புரேட்டர் ரிப்பேர் கிட் 2 (அதில் நீடில் வால்வு, சீட், ஆக்சிலரேட்டர் பம்ப் டயாப்ரம், எல்லா பேக்கிங்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பேக்கிங் மட்டும் உள்ள மலிவு கிட்டும் வரும்), பெட்ரோல் பம்ப் 1, சி.பி. பாயிண்ட் 2, கண்டென்சர் 2, ரோட்டார் 1, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி 1, பிளக் 3, பெட்ரோல் ஃபில்டர் 2, ஆக்சிலரேட்டர் கேபிள் 1, கிளட்ச் கேபிள் 1, ஃபேன் பெல்ட் 1, தெர்மோஸ்டாட் 1. ஹோஸை முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள், அலமாரியிலும் காயும்.

கிடைக்கும்போதே வாங்கிவைப்பது முக்கியம். வண்டி நின்ற பிறகு தேடினால், கிடைத்த டூப்ளிகேட்டைப் போட்டு ஓட்டத்தான் தோன்றும்.

கோளாறு பார்க்கும் வரிசை

1. கம்ப்ரெஷன். இன்ஜின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, பிளக் துளையில் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் இடையே சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் வால்வு, ரிங் பக்கம் பாருங்கள். அந்த இன்ஜினில் எந்தக் கார்புரேட்டரும் ஸ்லோ நிற்காது.

2. டாப்பெட். ஆறிய இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.13–0.17 மி.மீ.; 0.15 தகடு லேசாக இழுபட வேண்டும். ஃபயரிங் ஆர்டர் 1-3-2. முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் முடிந்து மேலே நிற்கும்போது அதன் இரண்டு வால்வும் வையுங்கள். கிராங்கை 240 டிகிரி சுற்றினால் மூன்றாவது, இன்னொரு 240-இல் இரண்டாவது. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பும். சத்தம் வரக் கூடாது என்று குறைத்து வைப்பவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகுவது அதனால்தான். லேசான 'டிக் டிக்' இருப்பது நல்லது.

3. காற்றுக் கசிவு. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது கார்புரேட்டர் அடிப்பகுதி, மேனிஃபோல்ட் இணைப்பு, வேக்யூம் ஹோஸ் முனைகள், த்ராட்டில் ஷாஃப்ட் முனைகள் ஆகியவற்றில் தண்ணீரை மெல்லிய ஸ்ப்ரேயாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அங்கே கசிவு. கார்ப் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது; ஸ்பார்க்கும் சூடும் பக்கத்திலேயே இருக்கின்றன. டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் தண்ணீரும் படக் கூடாது.

4. இக்னிஷன். பாயிண்ட் இடைவெளி 0.4–0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7–0.8 மி.மீ. முதலில் பாயிண்ட், அதன் பிறகே டைமிங்; பாயிண்ட் இடைவெளி கூடினால் டைமிங் முன்னே போகும் என்பதால் வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை. பாயிண்ட் சீக்கிரமே நீலமாகக் கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். வேக்யூம் அட்வான்ஸ் டயாப்ரத்தைச் சோதிக்க, அதன் ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். இழுப்பு இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும். இறங்கிவிட்டால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. ஓட்டத்தில் பிக்கப் இல்லாமல் மைலேஜ் விழுவது பல வண்டிகளில் இதனால்தான். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிப்யூட்டர் என்றால் பாயிண்ட் வேலை கிடையாது. மூடி, ரோட்டார், எச்.டி. வயர் (பிளக் வயர்) பார்த்தால் போதும்.

5. பெட்ரோல் வரத்து. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும் கோளாறு இப்படித்தான் வரும். பம்ப்பைச் சோதிக்க, இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, வெளியேறும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். துடித்துத் துடித்துப் பலமாக விழ வேண்டும். பம்ப்பின் சிறு துளையில் பெட்ரோல் ஈரம் தெரிந்தாலோ, டிப் ஸ்டிக் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ டயாப்ரம் போய்விட்டது. பெட்ரோல் கலந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பம்ப்போடு ஆயிலையும் மாற்றுங்கள்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும் கோளாறு இருந்தால் கார்புரேட்டருக்கு வரலாம்.

கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்வது

பேட்டரி நெகட்டிவ் கழற்றுங்கள். ஹோஸ் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றியதும் மேனிஃபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிடும்.

மூடியைத் திறந்தவுடன் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். சிவந்த தூசி என்றால் டேங்க் துரு. டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்ப அடைக்கும். கறுப்புத் துகள் என்றால் ஹோஸ் உள்ளே உதிர்கிறது.

மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தன் எடையிலேயே நீடில் வால்வை மூடும். பெட்ரோல் வரும் முனையில் வாய் வைத்து மெதுவாக ஊதினால் காற்று போகக் கூடாது. போனால் நீடிலை எடுத்து அதன் கூம்பு நுனியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் தேய்ந்த வளையம் விழுந்துவிட்டது. நீடிலையும் சீட்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புது நீடிலைப் பழைய சீட்டில் போட்டால் ஓவர்ஃப்ளோ சீக்கிரமே திரும்ப வரும்.

ஜெட்டுகளைக் கழற்றும்போது எண்ணையும் இடத்தையும் எழுதுங்கள். ஜெட்டின் தலையில் உள்ள வெட்டுக்குச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றால் இரண்டு பக்கமும் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். டயாப்ரம், சோலெனாய்டு, ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே கிளீனர் அடிக்க வேண்டும். சோலெனாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) உள்ள கார்புரேட்டரில் சாவி போட்டால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ஸ்லோவே நிற்காது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் ஓடும். கார்புரேட்டரைக் கழற்றாமலே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இது.

மாட்டிய பின் மிக்ஸர் ஸ்க்ரூவை விரல் பலத்தில் மட்டும் அடிவரை விட்டு, ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இது தொடங்கும் இடம்தான். இன்ஜின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நின்றதும், ஏர் ஃபில்டர் மாட்டியபடி, ஸ்லோவை 900 ஆர்.பி.எம். பக்கம் வையுங்கள். மிக்ஸரைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி ஓட்டம் ஏறும் உச்சத்தைப் பிடித்து, ஸ்லோவை மறுபடி 900-க்குக் குறையுங்கள். பிறகு பொல்யூஷன் மீட்டர் உள்ள இடத்தில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) அளவைப் பார்த்து முடிப்பது நல்லது. த்ராட்டிலைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் விழுந்து பிறகு ஏறுகிறது என்றால் ஆக்சிலரேட்டர் பம்ப் டயாப்ரத்தைப் பாருங்கள், மிக்ஸரைத் தொடாதீர்கள்.

இ20 பெட்ரோல்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் வண்டிக்கு இதில் மூன்று விளைவுகள் உண்டு.

முதலாவது ரப்பர். பழைய ஹோஸும் டயாப்ரமும் இதற்காகச் செய்தவை இல்லை. உப்பி, மென்மையாகி, பிறகு வெடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் (ரிட்டர்ன் லைனை மறக்க வேண்டாம்) எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். உள் விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். ஹோஸில் எழுத்தே இல்லை என்றால் அது தண்ணீர் ஹோஸாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, கலவை மெலிதாவது (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போவது). எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் காற்று-பெட்ரோல் கலவை சுமார் 7% மெலிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்குவது, சூடு கொஞ்சம் ஏறுவது, ஏற்றத்தில் திணறுவது இதன் அறிகுறிகள். உடனே ஜெட்டைப் பெரிதாக்க வேண்டாம். மிக்ஸரைக் கால் சுற்று வெளியே எடுத்து 200 கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்கைப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறமாக இருந்து, ஏற்றத்தில் திணறலும் இருந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டலாம். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 7% கூடுதல் பெட்ரோலுக்கு விட்டம் மூன்றரை சதவீதம் கூடினாலே போதும். துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்காதீர்கள். எண் போட்ட புது ஜெட்டை வாங்கி, பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி காலி டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கி டேங்கும் கிண்ணமும் அரிக்கும்.

கோடையில் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இந்தப் பெட்ரோலில் கூடுதல். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள கனமான இன்சுலேட்டர் பேக்கிங் இருக்கிறதா, பெட்ரோல் ஹோஸ் சூடான பகுதியில் உரசுகிறதா என்று பாருங்கள். அந்த இன்சுலேட்டருக்குப் பதில் மெல்லிய காகிதப் பேக்கிங் வெட்டிப் போட்டிருக்கும் வண்டிகள் நிறைய.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு

வரிசை இதேதான், அளவுகள் வேறு. 1489 சி.சி. அம்பாசடரில் டாப்பெட் 0.38 மி.மீ., பாயிண்ட் 0.4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. எஸ்.யு. கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்து உள்ளே எஸ்.ஏ.இ. 20 ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் மிதித்தவுடன் திணறும். பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கினால் ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் கலவை கெட்டி, விழுந்தால் மெலிது, ஒரு கணம் ஏறி நிலைக்கு வந்தால் சரி. ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். எஸ்.யு. சாமானை இங்கிலாந்தில் பர்லன் நிறுவனம் இன்னும் புதிதாகச் செய்கிறது. இந்த இன்ஜின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பம் என்பதால் உதிரிகளுக்கு வெளிநாட்டிலும் வழி உண்டு. பத்மினியில் சோலெக்ஸ், அதற்குப் புதுப்பேட்டையும் மும்பையும்தான் கதி.

பேப்பர்

தனியார் காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி, தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். போகும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் 2) புகை விதிக்கு முந்தைய காருக்குப் பொல்யூஷன் வரம்பு சி.ஓ. 3%, எச்.சி. (ஹைட்ரோகார்பன்) 1500 பி.பி.எம். டாப்பெட்டும் இக்னிஷனும் சரியாக உள்ள 800 இதற்குள் தாராளமாக வரும். 1995 ஏப்ரலுக்குப் பிறகு சென்னையில் விற்ற வண்டி என்றால் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்திருக்கும். கலவையைக் கெட்டியாக வைத்து ஓட்டினால் அது அடைத்துப் பிக்கப் போகும்.

எதை எப்போது

5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம்: ஆயில், ஆயில் ஃபில்டர், பாயிண்ட் இடைவெளி, டைமிங். ஆயில் 3 லிட்டர் கேன் ஒன்று போதும். முழுதும் ஊற்றாமல் டிப் ஸ்டிக் பார்த்து நிறுத்துங்கள். 10,000: டாப்பெட், பிளக், பெட்ரோல் ஃபில்டர். இரண்டு வருடம்: கூலன்ட், பிரேக் ஆயில். ஹோஸ் மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வண்டி வாங்கிய முதல் வாரமே டென்ஷனரோடு மாற்றிவிடுங்கள்.

ஓட்டாமல் நிறுத்தும் வண்டி என்றால் வாரம் ஒரு முறை 10 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் ஆயிலில் ஈரம் சேருமே தவிர பயன் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பிவிட்டு, பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, கழற்றிய முனையை ஒரு போல்ட்டால் அடைத்து கிளிப் இறுக்குங்கள். பிறகு கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.